உஷார்! ‘ஃப்ரெண்டு வண்டி’ன்னு சொல்லச் சொன்னா சாவியை வாங்காதீங்க

“போலீஸ் யாராச்சும் மடக்கினா ஃப்ரெண்டு வண்டின்னு சொல்லிடுங்க சார். வேற எதுவும் பேச வேணாம்.”

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சந்து. விடியற்காலை ஐந்தரை மணி. சாவியை என் உள்ளங்கையில் வைத்தபடி அந்தத் தம்பி சொன்னது இது. நானும் பெரிய மனுஷன் மாதிரி, “சரி தம்பி” என்றேன். தலையாட்டிய அந்த நிமிஷத்தில் என் இன்சூரன்ஸ், என் குடும்பத்தின் பாதுகாப்பு எல்லாம் காற்றில் போனது எனக்குத் தெரியவில்லை. பொங்கல் லீவு வருகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் தெருவுக்குத் தெரு ‘செல்ஃப் டிரைவ் கார்’ போர்டு தொங்குகிறது. பழவேற்காடு, திருத்தணி, ஏலகிரி என்று நீங்கள் ஆளுக்கொரு பிளான் போட்டிருப்பீர்கள். அதனால்தான் இந்த அவசரம்.

என் பிளான் சின்னது. அம்மாவுக்குச் சுருட்டப்பள்ளி போகணும். சிவன் படுத்திருக்கும் கோயில். ஊத்துக்கோட்டை தாண்டியதும் ஆந்திரா எல்லைக்குள் வருகிறது. அப்படியே நாகலாபுரம் பெருமாள், திரும்பும்போது பூண்டி ஏரி. வாடகை நாளுக்கு 2,200 ரூபாய், 300 கிலோமீட்டர் வரை. மலிவுதான். டெபாசிட் 5,000. அதோடு ஆதார் ஜெராக்ஸ், கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் ஒன்று, என் பைக், அதன் ஆர்.சி. புக். ஆமாம், பைக்கை அடமானமாக விட்டுவிட்டுத்தான் காரை எடுத்தேன். அந்தச் சந்தில் வரிசையாகப் பன்னிரண்டு பைக் நின்றது. அப்போது அது ஏதோ பார்க்கிங் என்று நினைத்தேன். பன்னிரண்டு பேரின் கழுத்துக் கயிறு அது என்று பிறகுதான் புரிந்தது.

வெள்ளை ஸ்விஃப்ட். போர்டும் வெள்ளை, எழுத்து கருப்பு. அதாவது ஓன் போர்டு.

பெரியபாளையம் வரை பிரச்சினை இல்லை. ஊத்துக்கோட்டையில் வண்டிகளை ஓரங்கட்டிச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். காவலர் குனிந்து உள்ளே பார்த்தார். “யார் வண்டி?” “ஃப்ரெண்டு வண்டி சார்.” “ஃப்ரெண்டு பேரு?” தம்பியின் பேரைச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஆர்.சி. ஜெராக்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அதில் இருந்தது ஒரு பெண்ணின் பேர், திருமழிசை முகவரி. “அவரோட சிஸ்டர் சார்” என்று வாய் தானாகச் சொன்னது. பின்சீட்டில் மடியில் பூக்கூடையோடு அம்மா. கோயிலுக்குப் போகிற வழியில் மகன் அடுக்கடுக்காகப் பொய் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காவலர் என்ன நினைத்தாரோ, பேப்பரைத் திருப்பிக் கொடுத்து, “பாத்துப் போங்க” என்றார். அந்தப் பக்கத்துச் சோதனை பெரும்பாலும் கஞ்சாவுக்காக. அவர் தேடியது வேறு ஆளை. தப்பித்தேன்.

வண்டி தப்பிக்கவில்லை. பூண்டி தாண்டித் திருவள்ளூர் ரோட்டில், பெயின்ட் அழிந்த ஒரு ஸ்பீடு பிரேக்கர். ஐந்து பேர் பாரம். ‘டொக்’ என்று அடியில் ஒரு சத்தம். சி.டி.எச். ரோட்டில் பட்டாபிராம் வரும்போது டேஷ்போர்டில் சிவப்பாக எண்ணெய்க் கிண்ணி விளக்கு எரிந்தது. ஓரம்கட்டிக் குனிந்து பார்த்தால், ஆயில் சொட்டுச் சொட்டாக விழுந்து தார் ரோட்டில் கருப்பு வட்டம்.

தம்பி மெக்கானிக்கோடு வந்தான். “ஆயில் சம்ப் போச்சு சார். இருபத்திரண்டு ஆகும்.” இருபத்திரண்டாயிரம்! “இன்சூரன்ஸ் இருக்குல்ல, அதுல போட்டுக்க வேண்டியதுதானே?” என்றேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான். “அதுல போட முடியாது சார். சர்வேயர் வந்து யாரு ஓட்டினா, எதுக்கு ஓட்டினான்னு நோண்டுவான்.”

அவன் வாயாலேயே வந்துவிட்டது. காலையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பொய்க்கு அர்த்தம் இதுதான். பதினான்காயிரத்தில் பேரம் முடிந்தது. மூன்றாம் நாள் பைக் கைக்கு வந்தது. செக்கைக் கிழித்துப் போட்டுவிட்டதாக வாட்ஸ்ஆப்பில் ஒரு போட்டோ வந்தது. கிழித்தது என் செக்தானா என்று இன்றுவரை யோசனை.

சரி, போர்டு விஷயத்துக்கு வருவோம். இது ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். சொந்த உபயோகத்துக்கு வெள்ளை போர்டில் கருப்பு எழுத்து. டிரைவரோடு வாடகைக்கு ஓடுகிற டாக்ஸிக்கு மஞ்சள் போர்டில் கருப்பு எழுத்து; நம் ஊரில் டி போர்டு என்போம். நாமே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு விடும் காருக்குக் கருப்பு போர்டில் மஞ்சள் எழுத்து. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 75-ஆவது பிரிவின் கீழ் 1989-இல் ‘ரென்ட் எ கேப்’ திட்டம் என்று ஒன்று வந்தது. இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் தருவது அதன்படிதான். லைசென்ஸ் கேட்பவரிடம் குறைந்தது 50 கார் இருக்க வேண்டும் என்கிறது அது. ஐம்பது! நம் சந்துக்கடையில் இருப்பது ஆறு வண்டி. அதிலும் நாலு, ஊரார் வீட்டு வண்டி. இவர்களிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று தனியாக விசாரிக்க வேண்டுமா என்ன?

வெள்ளை போர்டு காரின் பாலிசியை எடுத்து, எந்தெந்த உபயோகத்துக்கு என்று எழுதியிருக்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவது, ரேஸ் விடுவது, இதெல்லாம் சேராது என்று பொடி எழுத்தில் இருக்கும். காசு கொடுத்து நீங்கள் அந்த வண்டியை எடுத்த நிமிஷமே பாலிசி பேச்சிழந்துவிடுகிறது. எனக்கு ஆயில் சம்ப் போனது, பணத்தோடு முடிந்தது. ஒரு ஆளின் மேல் ஏற்றியிருந்தால்? அடிபட்டவர் குடும்பம் நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். வண்டி வாடகைக்கு ஓடியது என்று இன்சூரன்ஸ் கம்பெனி நிரூபித்தால், ‘இப்போதைக்கு நீ கொடு, பிறகு வண்டிக்காரரிடம் வசூல் பண்ணிக்கொள்’ என்று தீர்ப்பு வருவது உண்டு. ஆர்.சி.யில் பேர் இருக்கும் அந்தத் திருமழிசை அம்மா உங்களைக் கைகாட்டுவார், நீங்கள் தம்பியைக் கைகாட்டுவீர்கள், தம்பி போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணியிருப்பான். பூந்தமல்லி கோர்ட் வாசலில் எத்தனை வருஷம் நிற்பது?

பாலிசியில் ‘பெர்சனல் ஆக்ஸிடென்ட் 15 லட்சம்’ என்று போட்டிருக்குமே என்று யாராவது தைரியம் சொல்வார்கள். அது வண்டியின் சொந்தக்காரர் தானே ஓட்டும்போது அவருக்கு. உங்களுக்கு இல்லை.

2024 டிசம்பர் 2-ஆம் தேதி ராத்திரி ஆலப்புழையில் நடந்தது ஞாபகம் இருக்கலாம். முதலாண்டு மருத்துவ மாணவர்கள் பதினொரு பேர் ஒரு பழைய டவேராவில் சினிமாவுக்குக் கிளம்பினார்கள். கொட்டுகிற மழையில் களர்கோடு பக்கம் அரசுப் பேருந்தில் மோதியது வண்டி. ஆறு பிள்ளைகள் போய்விட்டார்கள். அந்த வண்டியும் தனியார் வண்டிதான், நம் பாஷையில் ஓன் போர்டு. அதை வாடகைக்கு விட்டார்களா என்ற விசாரணை அப்புறம் நடந்தது. கேரள மோட்டார் வாகனத் துறை, தனியார் வண்டியைக் காசுக்கு விடாதீர்கள் என்று ஊர் முழுக்க எச்சரித்தது. அந்தச் செய்தியை நானும் படித்து ‘ச்சூ’ கொட்டியவன்தான். பிறகும் சந்தில் நின்று “சரி தம்பி” என்றேனே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பர்மிட் இல்லாமல் வண்டியை வாடகைக்கு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-ஏ பிரிவு பாயும். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. ஓட்டுகிறவர், ஓட்ட விட்டவர் இரண்டு பேரையும் பிடிக்கிற மாதிரிதான் அந்தப் பிரிவை எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் திருமழிசை அம்மா மாதிரி சிலரும் இருப்பீர்கள். “வண்டி சும்மாதானே நிக்குது, மாசம் பதினைஞ்சாயிரம் கையில தர்றோம்” என்று வருகிறவனிடம் ஆர்.சி.யைக் கொடுக்காதீர்கள். இரண்டு மாதம் பணம் வரும். மூன்றாம் மாதம் உங்கள் கார் வேறு ஏதோ ஜில்லாவில் அடகுக் கடையில் நிற்கும். இப்படி நடந்த கதைகள் பேப்பரில் ஓயாமல் வருகின்றன. 2022 ஜனவரி முதல் நம் பகுதிக்கென்று ஆவடி போலீஸ் கமிஷனரேட்டே இருக்கிறது. ஆனால் அங்கே போய், “நான்தான் சார் ஓன் போர்டு வண்டியை வாடகைக்கு விட்டேன்” என்று எந்த முகத்தோடு புகார் எழுதுவது?

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்பான் பாரிஸில் இருக்கும் என் மச்சான். கிராமப் பக்கம் ஒயின் தோட்டம் பார்க்க வாடகைக் கார் எடுத்தானாம். கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பாகம் மூன்றும் சாதாரண இன்சூரன்ஸில் வராது என்று கவுன்டரில் சொல்லி, தனியாகக் காசு கேட்டார்களாம். அடிப்பாகம் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கேயும் ஏமாளி ஆகலாம். ஆனால் எதற்கு ஏமாறுகிறோம் என்று பேப்பரில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

கருப்பு போர்டு வண்டியே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு ஏறாதீர்கள். போர்டுக்கு எவனும் பெயின்ட் அடித்துவிடலாம். எம்-பரிவாகன் ஆப்பில் நம்பரைத் தட்டினால் வண்டி எந்த வகையில் பதிவாகியிருக்கிறது, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை, புகைச் சான்று இருக்கிறதா எல்லாம் வந்து நிற்கும். ‘மோட்டார் கார்’ என்று வந்தால் அது சொந்த உபயோக வண்டி. ‘மோட்டார் கேப்’ என்று வர வேண்டும். சுருட்டப்பள்ளி, தடா, திருப்பதி என்று போகிறவர்கள் ஆந்திராவுக்குப் பர்மிட் செல்லுமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நமக்குக் கோயில் பக்கத்து ஊர்தான், வண்டிக்கு அது வேற்று மாநிலம். எல்லை தாண்டினால் ஜி.பி.எஸ். காட்டிக்கொடுத்து டெபாசிட்டில் கை வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எடுக்கும்போது வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள், நல்ல வெளிச்சத்தில். ஐந்தரை மணி இருட்டில் நான் எடுத்த வீடியோவில் தெரிந்தது என் செருப்பு மட்டும்தான். போனை பம்பருக்கு அடியில் விட்டும் எடுங்கள். பெட்ரோல் முள், கிலோமீட்டர், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் படத்தில் வரட்டும். எடுத்த நேரமும் விட்ட நேரமும் ரசீதில் இருக்கணும். கேமரா பிடித்த இ-சலான் வண்டிக்காரருக்குத்தான் போகும். ஆறு வாரம் கழித்து, “உங்க டைம்லதான் சார்” என்று உங்களுக்குப் போன் வரும். உங்கள் கையில் நேரம் போட்ட பேப்பர் இல்லையென்றால் ஊரார் தண்டமும் உங்கள் தலையில். வானகரம், சூரப்பட்டு டோலில் ஃபாஸ்டேக் பிடித்த தொகைக்கும் மெசேஜைக் காட்டச் சொல்லுங்கள். லைசென்ஸ் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். வெற்றுச் செக்கைக் கனவிலும் கொடுக்காதீர்கள். தொகையை அவன் எழுதிக்கொண்டு பேங்கில் போட்டால், செக் திரும்பிய கேஸ் உங்கள் மேல்தான்.

மழைக்காலமாக இருந்தால் இன்னொன்று. சப்வேயிலோ தரைப்பாலத்திலோ தேங்கிய தண்ணீரில் இறக்கி, இன்ஜின் அணைந்தபின் மறுபடி சாவியைத் திருகினால், உள்ளே போன தண்ணீர் இன்ஜினையே முறித்துவிடும். சாதாரண பாலிசி அதற்குப் பணம் தராது, தனியாக ‘இன்ஜின் புரொடெக்ட்’ எடுத்திருக்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீரைப் பார்த்த நம் ஏரியா ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனை தலைவலி வேண்டாம் என்றால், பக்கத்து ஸ்டாண்டில் டிரைவரோடு ஒரு டி போர்டு வண்டி பேசுங்கள். பேட்டா சேர்த்தாலும் என் பதினான்காயிரத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. போன மாதம் அம்மாவைத் திருத்தணிக்கு அப்படித்தான் கூட்டிப்போனேன். “இது யார் வண்டின்னு கேட்டா என்னடா சொல்லப் போற?” என்று ஏறும்போதே கேட்டாள்.

அந்தத் தம்பியின் நம்பரை நான் இன்னும் அழிக்கவில்லை. நேற்று ஸ்டேட்டஸ் வைத்திருந்தான்: ‘பொங்கல் ஆஃபர், மூணு நாள் எடுத்தால் ஒரு நாள் ஃப்ரீ.’ படத்தில் அதே ஸ்விஃப்ட், மாலை போட்டுப் பளபளவென்று நிற்கிறது. நம்பர் போர்டின் மேல் மட்டும் ஒரு சிரிக்கிற பொம்மை ஸ்டிக்கர்.