3ஜி போனது, 2ஜி நிற்கிறது

சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில் 2ஜியின் 'ஈ' வந்தால் சலிப்பு, 3ஜியின் 'எச்' வந்தால் பரவாயில்லை, 4ஜி, 5ஜி என்றால் நிம்மதி. வேகத்தை வைத்துத்தான் நாம் இவற்றைப் பார்க்கிறோம். வேகம் மட்டுமே கணக்கு என்றால் முதலில் மூட வேண்டியது 2ஜியைத்தான். ஆனால் ஏர்டெல் 2019, 2020 வாக்கில் மூடியது 3ஜியை. 2010 ஏலத்தில் நிறுவனங்கள் 67,000 கோடி ரூபாய்க்கு மேல் கொட்டி வாங்கிய 3ஜிக்கு ஆயுள் அவ்வளவுதான்.

காரணம், பேச்சு போகும் வழியில் இருக்கிறது. 2ஜி பேசுவதற்கென்றே கட்டப்பட்டது. அழைப்பு இணைந்துவிட்டால், பேசி முடிக்கும்வரை அதற்கென ஒரு தடம் ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரு அலைவரிசையை நேரத்தால் எட்டுக் கூறாக்கி, ஒவ்வொரு போனுக்கும் ஒரு கூறு கொடுப்பார்கள். போன் தன் முறை வரும்போது மட்டும் சட்டென்று அனுப்பிவிட்டு அடங்கிவிடும். நொடிக்குச் சுமார் 217 முறை. அந்தக் கால போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருந்தவர்களுக்கு இது காதாலேயே தெரியும். மணி அடிப்பதற்குச் சற்று முன்பே ஸ்பீக்கர் 'டிட்டிடிட் டிட்டிடிட்' என்று உறுமுமே, அது இந்தத் துடிப்புதான். 3ஜி விட்டுவிட்டு அனுப்பாமல் தொடர்ந்து அனுப்பியது, உறுமலும் நின்றது.

3ஜி பேச்சுக்கான தடத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே நல்ல இன்டர்நெட்டையும் கொடுத்தது. 4ஜியில் தடம் ஒதுக்கும் ஏற்பாடே கிடையாது. படம், பாட்டு, பேச்சு எல்லாமே சின்னச் சின்னத் தரவுப் பொட்டலங்கள். பேச்சை அப்படி அனுப்பும் முறைதான் வோல்ட்டி. அது இல்லாத தொடக்ககால 4ஜி போன்கள், அழைப்பு வந்ததும் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கின. 2016 செப்டம்பரில் வந்த ஜியோவிடம் இறங்குவதற்குப் பழைய நெட்வொர்க்கே இல்லை. அதனால்தான் வோல்ட்டி இல்லாத போன்காரர்கள் பேசுவதற்கு அதன் ஆப்பை நம்ப வேண்டியிருந்தது.

இப்படி 3ஜிக்கு இரண்டு பக்கமும் அடி. இன்டர்நெட்டுக்கு 4ஜி மேல். பேசுவதற்கோ கோடிக்கணக்கான பட்டன் போன்கள் 2ஜியை நம்பியிருந்தன. கடைகளின் பழைய கார்டு மெஷின்கள், வண்டிகளில் பொருத்திய ஜிபிஎஸ் கருவிகள் பலவும் அப்படியே. ஜெர்மனியிலும் 2021இல் 3ஜியைத்தான் மூடினார்கள். 4ஜிக்குத் தாமதமாக வந்த பிஎஸ்என்எல் இங்கே 3ஜியை நீண்ட நாள் வைத்திருந்தது.

2022 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்த 5ஜியிலும் பேச்சு பல நேரங்களில் 4ஜி வழியேதான். ஒரு அழைப்பு வரும்போது திரையைக் கவனியுங்கள்: பல போன்களில் 5ஜி மறைந்து 4ஜி தெரியும். அது கோளாறு அல்ல.

வீட்டில் பெரியவர்களிடம் பழைய 3ஜி போன் இருந்து, பேச முடிகிறது, வாட்ஸ்அப் படம் மட்டும் வரவில்லை என்றால், சிம்மை மாற்றுவதில் பயனில்லை. 3ஜி மூடிய நெட்வொர்க்கில் அதற்குக் கிடைப்பது 'ஈ' மட்டுமே. போனைத்தான் மாற்ற வேண்டும். வாங்கும்போது வோல்ட்டி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.