நாலே இருக்கைகள், நம்பி விண்ணப்பிக்கலாமா?

பெரிய சிம்பொனி இசைக்குழுவில் வயலின் கலைஞர்கள் இருபதுக்கும் மேல் இருப்பர். புல்லாங்குழலுக்கோ பெரும்பாலும் மூன்று, நான்கு இருக்கைகள்தான். அதனால் கல்லூரிகளும் குழல் மாணவர்களைக் குறைவாகவே சேர்க்கின்றன.

அதற்காகத் தயங்க வேண்டாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைக் கல்லூரியிலும் நன்யாங் நுண்கலைக் கழகத்திலும் இசைப் பட்டப்படிப்பு உண்டு.

எட்டாம் நிலைச் சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். இடத்தைப் பெரிதும் முடிவுசெய்வது வாசிப்புத் தேர்வு.

வெவ்வேறு காலத்துப் படைப்புகளைத் தேர்ந்தெடுங்கள். மோட்சார்ட்டின் ஜி மேஜர் கான்செர்ட்டோ, விரல் சுத்தத்தைக் காட்டிவிடும். 1898ல் பாரிஸ் இசைக் கல்லூரித் தேர்வுக்கென்றே ஃபோரே எழுதிய ‘ஃபான்டசி’, முதலில் மூச்சையும் பிறகு நாவின் வேகத்தையும் சோதிக்கும்.

இசைக்குழுப் பகுதி கேட்டால், டெபுஸியின் ‘ஃபான்’ தொடக்கம் வரக்கூடும். அதன் முதல் சுரம் சி ஷார்ப். ஏறத்தாழ எல்லா விரல்களையும் எடுத்து வாசிக்கும் சுரம் என்பதால் ஒலி மெலியும், சுருதி ஏறும். தினமும் அந்த ஒரு சுரத்தை நீட்டி வாசித்துப் பழகுங்கள்.

முதல் சுற்றுக்குப் பல கல்லூரிகள் வெட்டி ஒட்டாத காணொளி கேட்கும். சில மாதங்களுக்கு முன்பே வாரம் ஒருமுறை பதிவுசெய்து கேளுங்கள். பியானோ துணையுடன் ஒத்திகை பாருங்கள்.

ஒரே கல்லூரியை நம்பியிராமல் இரண்டு, மூன்று இடங்களுக்கு விண்ணப்பியுங்கள். இடம் கிடைக்காவிட்டாலும் அந்த உழைப்பு வீணாகாது. உங்கள் குழல் முன்பைவிட நன்றாக ஒலிக்கும்.