எந்தக் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது?

ஐன்ஸ்டைன் 1905-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறப்புச் சார்புக் கொள்கையைப் பயிலும் பௌதிக மாணவரைத் திகைக்கச் செய்யும் வினா ஒன்று உண்டு. இயங்கும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்கிறது அக்கொள்கை. ஆனால் சீரான வேகத்தில் செல்லும் பயணி, தான் நிற்பதாகவும் நிலமே நகர்வதாகவும் கொள்ள உரிமை உடையவன். அவ்வாறாயின் இரு தரப்பாரும் மற்றவர் கடிகாரமே மெதுவாக ஓடுகிறது என்பர். இரண்டும் எங்ஙனம் உண்மையாகும்? கணக்கிட்டே பார்ப்போம்.

ஒளி 8 விநாடியில் கடக்கும் தொலைவில், அதாவது ஏறக்குறைய 24 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில், இரண்டு நிலையங்கள் இருப்பதாகக் கொள்வோம். பயணி ஒளியின் வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு வேகத்துடன் செல்கிறான். முதல் நிலையத்தைக் கடக்கையில் அந்நிலையத்தின் கடிகாரமும் அவனுடைய கடிகாரமும் பூஜ்யத்தைக் காட்டுகின்றன. நிலையத்தார் கணக்குப்படி, அவன் இரண்டாம் நிலையத்தை அடைய 10 விநாடி ஆகும். அவன் கடிகாரமோ அதில் 0.6 பங்கே ஓடி, 6 விநாடி காட்டும்.

இனிப் பயணியின் கணக்கு. அவனுக்கு நிலம் நகர்வதால் இடைவெளி சுருங்கி, ஒளி 4.8 விநாடியில் கடக்கும் தொலைவாகிறது. அதனை அவன் 6 விநாடியில் கடக்கிறான். அதற்குள் நிலையக் கடிகாரங்கள் 3.6 விநாடியே முன்னேறியிருக்கும். ஆயினும் இரண்டாம் நிலையக் கடிகாரம் 10 காட்டுகிறது. எஞ்சிய 6.4 விநாடி எங்கிருந்து வந்தது?

நிலையத்தார் தம் கடிகாரங்களை இசைவித்த முறையில் விடை உள்ளது. இடைவெளியின் நடுவிலிருந்து வானொலிச் சைகை ஒன்று புறப்படுகிறது. அது வந்து சேர்ந்ததும் ஒவ்வொரு கடிகாரமும் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. சைகை இரண்டையும் ஒரே வேளையில் அடைந்தது என்பது நிலையத்தார் கூற்று. பயணியின் பார்வையில் இரண்டாம் நிலையம் சைகையை எதிர்கொண்டு வருகிறது. முதல் நிலையமோ அதனின்று விலகிச் செல்கிறது. இருபுறமும் சைகையின் வேகம் ஒன்றே. ஆதலின் இரண்டாம் கடிகாரமே முந்தித் தொடங்கியது. பயணி புறப்பட்ட வேளையில் அது 6.4 காட்டியது என்பான் அவன். 6.4-உடன் 3.6 சேர, 10 ஆகிறது. சந்திப்பில் கடிகாரங்கள் காட்டுவன 10, 6 என்பதில் இரு தரப்பாரும் ஒன்றுபடுகின்றனர். வேறுபாடு, தொலைவிடத்தில் 'இப்போது' என்பதன் பொருளில் மட்டுமே.

இரட்டையர் புதிரும் இவ்வழியே அவிழும். பயணி இரண்டாம் நிலையத்தில் திரும்பி அதே வேகத்தில் மீண்டால், முதல் நிலையத்தார்க்கு 20 விநாடியும் அவனுக்கு 12 விநாடியும் கழிந்திருக்கும். திரும்பியவன் அவனே, நிலையத்தார் அல்லர். திசை மாறியபோது அவனது 'இப்போது' என்ற கணக்கும் மாறியது. ஆகவே இருவர் நிலையும் ஒன்றல்ல.

இவை வெறும் ஏட்டுக் கணக்கல்ல. காஸ்மிக் கதிர்களால் வான்வெளியில் உண்டாகும் மியூவானின் சராசரி ஆயுள், ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. பிரிஷ், ஸ்மித் ஆகிய இருவரும் 1963-இல் வெளியிட்ட சோதனையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மலை உச்சியில் மணிக்குச் சுமார் 560 மியூவான்களை எண்ணினர். சுமார் 1,900 மீட்டர் இறங்குவதற்குள், பழைய கணக்கின்படி 30-க்கும் குறைவாகவே எஞ்ச வேண்டும். கடல்மட்ட அளவிலோ சுமார் 410 எஞ்சின. மியூவானின் கடிகாரம் மெதுவாக ஓடியது என்பது நம் கூற்று. மலையே சுருங்கியது என்பது மியூவானின் நிலையிலிருந்து கூறுவது. எண்ணிக்கை இரண்டிற்கும் ஒன்றே.