அடுத்த அத்தியாயத்தில் ஆளைக் காணோம்!

பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடைகளில் கயிறு கட்டி, கிளிப் மாட்டி மாத நாவல்களைத் தொங்கவிட்டிருப்பார்களே, நினைவிருக்கிறதா? 80, 90-களில் அந்தக் கயிற்றில் அதிகம் ஆடிய பெயர் ராஜேஷ்குமார்.

1947-ல் கோவையில் பிறந்த ராஜகோபால்தான் இந்த ராஜேஷ்குமார். 1,500-க்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். 'இத்தனை எழுதினால் தரம் எப்படி இருக்கும்?' என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாமே பிரமாதம் என்று அவருடைய ரசிகையான நானே சொல்ல மாட்டேன். சிலவற்றில் கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பிப்பார். பக்கம் முடியப்போகிற அவசரம் நமக்கே புரியும். ஆனால் பாதியில் மூடி வைத்த ராஜேஷ்குமார் நாவல் என்று ஒன்றுகூட எனக்கு இல்லை.

காரணம், அவருடைய அந்த 'ரெட்டை டிராக்'!

முதல் அத்தியாயம் கோவையில் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் கதவைத் திறக்கிறாள், அதிர்கிறாள். எதைப் பார்த்து? அத்தியாயம் முடிந்துவிடும். அடுத்ததில் அவளையே காணோம். சென்னையில் யாரோ ஒரு டாக்டர், அவருக்கு வேறு ஏதோ சிக்கல். மூன்றாவதில் மறுபடி கோவை. இந்த இரண்டு ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று மண்டையைக் குடைந்துகொண்டே நாம் பக்கம் புரட்டுவோம்.

என் அண்ணன் ஒருமுறை 1, 3, 5 என்று ஒற்றைப்படை அத்தியாயங்களை மட்டும் முதலில் படித்துப் பார்த்தான். "சப்புனு இருக்குடி" என்று தூக்கிப் போட்டான். இருக்கத்தானே செய்யும்? சென்னையில் நாம் தெரிந்துகொண்ட விஷயம் கோவைப் பெண்ணுக்குத் தெரியாது. நம்முடைய பதற்றமே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அம்மா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். குக்கர் விசில் வருவதற்குள் ஒரு அத்தியாயம் என்று கணக்கு வைத்துப் படிப்பார். எந்த டிராக்கில் யார், எந்த ஊரில் நிற்கிறார்கள் என்பது அவருக்குக் குழம்பியதே இல்லை. மத்தியானம் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கதை சொல்லும்போது கொலைகாரன் யாரென்ற இடத்தில் நிறுத்தி, "மீதியை நீயே படிச்சுக்கோ" என்பார். படிக்காத அந்த அக்காவும் புத்தகத்தை வாங்கிப்போய் எழுத்துக்கூட்ட ஆரம்பித்தார். இதெல்லாம் இலக்கியமா என்று யாராவது உதட்டைச் சுழித்தால், எனக்கு அந்த அக்கா முகம்தான் ஞாபகம் வரும்.

சுஜாதாவின் கணேஷ் - வசந்த், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தி என்று அப்போது வீட்டுக்கு வீடு துப்பறியும் ஜோடிகள் உண்டு. எங்கள் வீட்டில் ஓட்டு விவேக் - ரூபலாவுக்குத்தான். விவேக் பிணத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு குடும்பம் இருக்கும். மனைவி ரூபலாவின் கிண்டல், போதாததற்கு உதவியாளர் விஷ்ணுவின் குறும்பு. அம்மாவும் நானும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படிக்க முடிந்தது. அட்டைப்படத்துக்கு மட்டும் பழைய பேப்பரில் அட்டை போட வேண்டியிருந்தது, அது வேறு விஷயம்!

வாடகை நூல் நிலையத்தில் எடுத்த பிரதியில் கடைசி இரண்டு பக்கங்கள் கிழிந்திருந்த கொடுமையை அனுபவிக்காதவர்கள் பாக்கியசாலிகள். ஒரு வாரம் தெரிந்தவர்களிடமெல்லாம் 'அந்த நாவல் இருக்கா?' என்று அலைந்திருக்கிறோம்.

இப்போது அந்தக் கவலை இல்லை. அவருடைய நாவல்கள் மின்னூல்களாக மொபைலிலேயே கிடைக்கின்றன. போன மாதம் அம்மாவுக்கு ஒன்று இறக்கிக் கொடுத்து, எழுத்தைப் பெரிதாக்கி வைத்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நான்கு அத்தியாயம் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்த டாக்டர் மேலதான்டி எனக்குச் சந்தேகம்" என்றார்.