சபைப் பள்ளிக்கூடத்தில் யாருக்கு இடம்?

கோடை விடுமுறைக் காலம். காஞ்சிரங்குளம், பூவார், பாறசாலைப் பக்கத்து ஊர்களில் ஆசிரியர்கள் வீடு வீடாக வருகிறார்கள். வெயில் கொளுத்துகிறது. குடையைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் வந்து உட்காருகிறார்கள். "பிள்ளையை எங்கள் பள்ளிக்கூடத்தில் சேருங்கள்" என்று கேட்கிறார்கள். வண்டி விடுகிறோம் என்கிறார்கள்.

ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறார்கள்? காரணம் இருக்கிறது. கேரளத்தில் ஜூன் மாதம் பள்ளி திறக்கும். திறந்த ஆறாவது வேலை நாளில் பிள்ளைகளை எண்ணிக் கணக்கு எடுப்பார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று அரசு தீர்மானிக்கும். பிள்ளைகள் குறைந்தால் டிவிஷன் குறையும். டிவிஷன் குறைந்தால் ஓர் ஆசிரியரின் வேலைக்கே ஆபத்து.

ஆகவே எட்டாம் வகுப்பில் சேர இடப் பஞ்சம் இல்லை. பத்தாம் வகுப்பு வரை கல்விக் கட்டணமும் இல்லை.

அதே பிள்ளை பத்தாம் வகுப்பு தேறி விடுகிறது. பிளஸ் ஒண்ணில் சேர வேண்டும். அப்பாவும் அம்மாவும் அதே பள்ளிக்குப் போகிறார்கள். இப்போது கதை வேறு. "லிஸ்டில் பெயர் இருக்கிறதா?" என்று ஆபீசில் கேட்கிறார்கள். எந்த லிஸ்ட் என்று இவர்களுக்குத் தெரியாது. போதகரைப் பார்த்தால் இடம் கிடைக்கும் என்று ஒருவர் சொல்வார். பணம் கட்டினால்தான் கிடைக்கும் என்று இன்னொருவர் சொல்வார். எல்லாம் கம்ப்யூட்டர் கையில் என்று மூன்றாவது ஆள் சொல்வார்.

மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. முழு உண்மை யார் சொல்வதிலும் இல்லை.

இந்தப் பக்கத்தில் சபைகள் நடத்தும் பள்ளிகள் பல உண்டு. அமரவிளையில் எல்.எம்.எஸ். பள்ளி இருக்கிறது. நெய்யாற்றின்கரையில் புனித தெரசா கான்வென்ட் பெண்கள் பள்ளி இருக்கிறது. இப்படிப்பட்ட பள்ளிகளில் பெரும்பாலானவை 'எய்டட்' பள்ளிகள். கட்டடமும் நிலமும் சபைக்குச் சொந்தம். ஆசிரியரை நியமிப்பவர் சபையின் மானேஜர். ஆனால் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு. அரசின் பணம் என்றால் நம் எல்லோருடைய பணம். தீப்பெட்டி வாங்கும்போது நாம் கட்டும் வரியும் அதில் இருக்கிறது. இந்துவின் வரியும் இருக்கிறது. முஸ்லிமின் வரியும் இருக்கிறது. சபையாரின் வரியும் இருக்கிறது.

அப்படியானால் இடத்தை எப்படிப் பங்கு வைக்கிறார்கள்? ஒரு வகுப்பில் 50 இடம் என்று வைத்துக்கொள்வோம். சிறுபான்மையினர் நடத்தும் எய்டட் பள்ளியில் அந்த 50 இடம் இப்படிப் பிரியும்.

பொதுப் பட்டியலுக்கு 20 இடம். பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்கு 6 இடம். பட்டியல் பழங்குடிப் பிள்ளைகளுக்கு 4 இடம். பள்ளியை நடத்தும் சமுதாயத்தின் பிள்ளைகளுக்கு 10 இடம். மானேஜ்மென்ட்டுக்கு 10 இடம். கூட்டிப் பாருங்கள், 50 வரும். விளையாட்டில் சிறந்தவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் சில இடங்களை இதற்குள்ளேயே ஒதுக்குவார்கள். சில ஆண்டுகளில் 50 இடத்தை 60 ஆகக் கூட்டுவதும் உண்டு.

இப்போது கவனியுங்கள். முதலில் சொன்ன 30 இடங்களில் பள்ளிக்கூடம் கை வைக்க முடியாது. போதகரும் கை வைக்க முடியாது, ஹெட்மாஸ்டரும் முடியாது. அந்த 30 இடத்தையும் திருவனந்தபுரத்தில் உள்ள கல்வித் துறையின் கம்ப்யூட்டர்தான் நிரப்புகிறது. இதற்கு 'ஏகஜாலகம்' என்று பெயர். ஒரே ஜன்னல் என்று பொருள். பல பள்ளிகளுக்கு ஒரே விண்ணப்பம் போட்டால் போதும்.

முன்பு இப்படி இல்லை. பத்து முடித்தவர்கள் கல்லூரிக்குப் போய் பிரிடிகிரி படித்தார்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கில் பிரிடிகிரி நின்றுபோனது. பிளஸ் டூ படிப்பு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. அப்போது ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாக பாரம் வாங்க வேண்டும். ஒவ்வொரு பள்ளியிலும் வரிசையில் நிற்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவருக்கு நாலு பள்ளி என்றால் நாலு நாள் கூலி போகும். 2007-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஒரே ஜன்னல் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். 2008-இல் கேரளம் முழுவதும் வந்தது. எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டம் பக்கத்தில் இன்றும் அந்தந்தப் பள்ளியிலேயே பிளஸ் ஒண் சேர்க்கை நடக்கிறது. அங்கே இருக்கும் உறவினர் சொல்வதைக் கேட்டு இங்கே காரியம் செய்தால் ஏமாந்து போவோம்.

கம்ப்யூட்டர் எதைப் பார்க்கிறது? முதலில் மார்க்கைப் பார்க்கிறது. எஸ்.எஸ்.எல்.சி.யில் ஏ பிளஸ் என்றால் 9 புள்ளி. ஏ என்றால் 8. பி பிளஸ் என்றால் 7. இப்படி இறங்கிக்கொண்டே போகும். சயன்ஸ் குரூப் கேட்டால் சயன்ஸ் பாடங்களுக்கும் கணக்குக்கும் கூடுதல் எடை உண்டு. அதன்பின் போனஸ் புள்ளி வரும். அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்திருந்தால் 2 புள்ளி. பள்ளி இருக்கும் அதே பஞ்சாயத்தில் வீடு இருந்தால் 2 புள்ளி. அதே தாலுகாவில் இருந்தால் 1 புள்ளி. இந்தப் புள்ளிகளைப் பத்தால் வகுத்துத்தான் கூட்டுவார்கள். 2 புள்ளி என்பது 0.2 ஆகிவிடும். இது என்ன பெரிய காரியம் என்று நினைக்க வேண்டாம். கடைசி இடத்துக்குப் போட்டி போடும் பிள்ளைகளுக்கு நடுவே அந்த 0.2 ஒரு மலைதான். காஞ்சிரங்குளத்துப் பிள்ளை பாறசாலைப் பள்ளியைக் கேட்டால், நெய்யாற்றின்கரை என்ற ஒரே தாலுகா என்பதால் 1 புள்ளி வரும். உள்ளூர்ப் பள்ளியைக் கேட்டால் 2 வரும். விண்ணப்பத்தில் பஞ்சாயத்தின் பெயரைத் தவறாக எழுதினால் இரண்டும் போகும். அக்ஷயா மையத்தில் விண்ணப்பம் போடும்போது அவசரத்தில் இந்தத் தவறு நேரலாம். அச்சடித்துத் தருவதை வீட்டுக்குக் கொண்டுவந்து எழுத்துக் கூட்டியாவது படித்துப் பார்க்க வேண்டும்.

சரி, சமுதாயத்துக்கு 10 இடம் எதற்கு? இங்கேதான் பழைய கதை வருகிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன் திருவிதாங்கூரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி வாசல் திறந்திருக்கவில்லை. 1806-இல் ரிங்கல்தௌபே என்ற லண்டன் மிஷன் ஊழியர் மயிலாடிக்கு வந்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் நாடார், புலையர், பறையர் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எல்.எம்.எஸ். என்ற மூன்று எழுத்து இன்றும் பள்ளிப் பெயர்களில் இருப்பது அதனால்தான். அது லண்டன் மிஷன் சங்கம்.

அரசுப் பள்ளியில் நிலை எப்படி இருந்தது? காஞ்சிரங்குளத்துக்குப் பக்கத்தில் வெங்ஙானூர் இருக்கிறது. அய்யங்காளி பிறந்த ஊர் அது. 1863-இல் பிறந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் தம் மக்களின் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார். பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்க மாட்டோம் என்று விவசாயக் கூலிகள் வேலையை நிறுத்தினார்கள். அவர் பஞ்சமி என்ற சிறுமியைக் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனார். அந்தப் பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்தது. அதற்காகப் பள்ளிக்கே தீ வைத்தார்கள். தீயில் கருகிய ஒரு பெஞ்சு இன்றும் அங்கே இருக்கிறது. 2022-இல் அந்த அரசுப் பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவரின் பெயரையும் சேர்த்து வைத்தார்கள்.

இடம் கிடைக்காத மக்கள் தங்கள் சபை மூலம் தங்களுக்கென்று பள்ளி கட்டிக்கொண்டார்கள். நாடு விடுதலை பெற்றபின் அரசியல் சட்டம் இதை ஏற்றுக்கொண்டது. 30-ஆம் பிரிவின்படி சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையம் நிறுவி நடத்தலாம். ஆனால் அதற்கு முந்திய 29-ஆம் பிரிவு இன்னொன்று சொல்கிறது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையத்தில், மதம், சாதி, மொழி என்ற காரணத்துக்காக மட்டும் யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது.

இரண்டும் சட்டம்தான். இரண்டும் ஒன்றையொன்று பிடித்து இழுக்கின்றன. கேரளம் கொண்டுவந்த கல்வி மசோதாவே இந்த இழுபறியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. வேற்றுச் சமுதாயப் பிள்ளைகளைச் சேர்ப்பதால் சிறுபான்மைப் பள்ளியின் தன்மை கெட்டுவிடாது என்று 1958-இல் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி வழக்கில், அரசு உதவி பெறும் சிறுபான்மை நிலையம் பாதி இடம் வரை தன் மக்களுக்கு ஒதுக்கலாம் என்றது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரே அளவு வேண்டாம்; அந்தந்த இடத்தின் தேவையைப் பார்த்து மாநில அரசு அளவை வைக்கலாம் என்று சொன்னார்கள். கேரளத்தில் அந்த அளவு நூற்றுக்கு 20. ஐம்பது இடத்தில் பத்து.

இந்தப் பத்து இடத்துக்கும் மார்க் பார்க்காமல் ஆள் எடுப்பதில்லை. சமுதாயப் பிள்ளைகளுக்குள்ளேயே புள்ளி வரிசைப்படி பட்டியல் போட வேண்டும். சமுதாயம் என்றால் எல்லாக் கிறிஸ்தவரும் என்று நினைக்கக் கூடாது. லத்தீன் கத்தோலிக்கப் பள்ளி என்றால் லத்தீன் கத்தோலிக்கப் பிள்ளைக்கு. புல்லுவிளைக் கடற்கரையில் இருந்து வரும் பிள்ளைக்கு அங்கே வழி உண்டு. சி.எஸ்.ஐ. சபைப் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. பொதுப் பட்டியலில்தான் வர வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே நாடார் குடும்பத்தில் அண்ணன் இந்து, தம்பி சி.எஸ்.ஐ., சித்தி கத்தோலிக்கர் என்று இருக்கும். ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கு மூன்று வழி.

விண்ணப்பத்தில் எஸ்.ஐ.யு.சி. என்று ஒரு பெயர் வரும். பலர் இதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். 1908-இல் உண்டான தென்னிந்திய ஐக்கிய சபையின் பெயர் அது. 1947-இல் அந்தச் சபை சி.எஸ்.ஐ.யில் கலந்துவிட்டது. சபை போய் முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. பெயர் மட்டும் சர்க்கார் தாளில் உயிரோடு இருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பட்டியல் சாதிக்கு உள்ள 6 இடம் கிறிஸ்தவரான தலித் பிள்ளைக்குக் கிடையாது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியலில் சேர்க்கவில்லை. பின்னால் சீக்கியரைச் சேர்த்தார்கள், பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரை இன்னும் சேர்க்கவில்லை. கேரளத்தில் அவர்கள் ஓ.இ.சி. என்ற பிரிவில் வருகிறார்கள். பட்டியல் சாதி, பழங்குடி இடங்களுக்கு ஆள் இல்லாமல் மிச்சம் வந்தால்தான் அவர்களைக் கூப்பிடுவார்கள். எந்த மக்களுக்காக மிஷன் பள்ளி முதலில் கூரை போட்டதோ, அவர்களின் பேரப்பிள்ளை அதே பள்ளியில் மிச்ச இடத்துக்குக் காத்திருக்கிறது. இது சரியில்லை.

கடைசியாக மானேஜ்மென்ட்டின் 10 இடம். இங்கே மட்டும்தான் மானேஜரின் விருப்பம் செல்லும். பாரம் பள்ளியிலேயே கிடைக்கும். எய்டட் பள்ளியில் கட்ட வேண்டிய பீஸ் அரசு வைத்த பீஸ்தான். அதற்கு மேல் கேட்டால் எதற்கு என்று கேட்கலாம். கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்கலாம். ரசீது கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. ஆனால் 50-இல் இந்தப் பத்தை மட்டும் நினைத்துக்கொண்டு கடன் வாங்க ஓடுகிறவர்கள் உண்டு. மற்ற 40 இடத்துக்கும் அரசு வைத்த பீஸுக்கு மேல் பைசா தேவையில்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

சபைப் பள்ளியை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். அரசுப் பள்ளியில் ஈழவர், முஸ்லிம், லத்தீன் கத்தோலிக்கர், எஸ்.ஐ.யு.சி. பிரிவினருக்கு ஒதுக்கீடு உண்டு. எய்டட் பள்ளியின் பொதுப் பட்டியலில் அது இல்லை. ஒரே விண்ணப்பத்தில் இரண்டு வகைப் பள்ளியையும் எழுதலாம். மிகவும் விரும்பும் பள்ளியை முதலில் எழுத வேண்டும்.

இனி தேதி விஷயம். மார்க் இருந்தும் இடம் இழக்கும் பிள்ளைகள் இதில்தான் இழக்கிறார்கள். ஒரு தாய் முந்திரி ஆபீசில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்கு முதல் அலாட்மென்டில் மூன்றாவதாக எழுதிய பள்ளி வருகிறது. "இது நமக்கு வேண்டாம், அடுத்த லிஸ்டில் நல்ல பள்ளி வரும்" என்று இருந்துவிடுகிறார். அடுத்த லிஸ்டில் மகளின் பெயரே இல்லை. ஏன்? கிடைத்த பள்ளிக்குக் குறித்த நாளில் போய்த் தற்காலிகச் சேர்க்கை வாங்கியிருக்க வேண்டும். அதற்குப் பீஸ் இல்லை. சான்றிதழ்களைக் கொடுத்தால் போதும். மேலே எழுதிய பள்ளிகளுக்கு மகளின் பெயர் வரிசையிலேயே இருந்திருக்கும். போகாமல் இருந்தால் வேண்டாம் என்று சொன்னதாகக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். அதற்குத் தாயின் மனம் தெரியாது. முதல் விருப்பமே கிடைத்துவிட்டால் அப்போதே பீஸ் கட்டி நிரந்தரமாகச் சேர வேண்டும்.

சமுதாய இடத்துக்கான பட்டியல் தனி. அதற்குத் தனியாக விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ஏகஜாலகத்தில் போட்டுவிட்டோமே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பட்டியலை வெளியிடுவார்கள். பத்துப் பேருக்கு இடம். பதினோராவது பெயர் நம் பிள்ளையின் பெயராக இருந்தால் அழுதுகொண்டு திரும்ப வேண்டாம். பத்தில் ஒருவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டால் பதினோராவது பிள்ளையைக் கூப்பிடுவார்கள். விண்ணப்பத்தில் எழுதிய போன் நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள். அந்த நாட்களில் போனில் சார்ஜ் இருக்க வேண்டும்.