தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு மேலங்கி

மன்றாடிப் பெற்ற மகன் சாமுவேலைச் சீலோவிலிருந்த ஆண்டவரின் இல்லத்தில் ஒப்படைத்துவிட்டு, அன்னா ஊர் திரும்பினாள் என்பதை நாம் அறிவோம். அதன் பின் நடந்ததைச் சாமுவேல் முதல் நூலின் இரண்டாம் அதிகாரம் மிகச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கின்றது. ஆண்டுதோறும் பலி செலுத்தக் கணவனோடு செல்லும்போதெல்லாம், தான் செய்த சிறிய மேலங்கி ஒன்றை அந்தத் தாய் மகனுக்குக் கொண்டு சென்றாள். மகனோ வளர்கின்ற பிள்ளை. வீட்டில் இல்லாத பிள்ளை. சென்ற ஆண்டு கண்ட தோளை மனத்தில் நிறுத்தி, ஓராண்டில் எவ்வளவு உயர்ந்திருப்பான் என்று கணித்தே அவள் துணியை வெட்டியிருக்க வேண்டும்.

அன்னாவின் நிலை இன்று நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றின் நிலையும் ஆகும். செவிலியராகவும் மாணவராகவும் துறவியராகவும் நம் பிள்ளைகள் குளிர் நாடுகளுக்குச் செல்கின்றனர். மழை மலை மாதா திருத்தலம் அமைந்த அச்சரப்பாக்கத்தில் மார்கழி இரவுக்கு ஒரு போர்வை போதும். இங்கே பிறந்து வளர்ந்த உடலுக்குத் தில்லியின் தை மாதமே கடுமையாகத் தோன்றும். கனடாவின் குளிர்காலத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆயத்த மேலங்கிகளின் விலையோ, முதல் மாத ஊதியம் காணாத பிள்ளைக்கும் கடன் வாங்கி அனுப்பும் பெற்றோருக்கும் பெருஞ்சுமை. விலை குறைந்ததை வாங்கினால் தோள் சரிவதும் கை குட்டையாவதும் உண்டு.

இரவிக்கையும் சட்டையும் திருத்தமாகத் தைக்கத் தெரிந்த தாய் ஒருத்தி, பொறுமை இருந்தால், கம்பளி மேலங்கியையும் வீட்டிலேயே தைக்க முடியும். ஆனால் அதைப் பெரிய அளவுச் சட்டை என்று எண்ணித் தொடங்கலாகாது.

குளிரைத் தடுப்பது எது?

துணி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடலின் வெப்பத்தை வெளியே விடாமல் காப்பது, இழைகளுக்கிடையே அசையாமல் தங்கும் காற்றேயாகும். கம்பளி இழை இயல்பாகவே சுருண்டிருப்பதால் அதனுள் மிகுதியான காற்று தங்குகின்றது. மேலும், தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உறிஞ்சினாலும் கம்பளி எளிதில் நனைந்த உணர்வைத் தருவதில்லை. ஆகவே, மேலங்கி உடலை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. இறுக்கினால் காற்று தங்க இடமில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுழியத்துக்குக் கீழே இருபது பாகை செல்லும் ஊர்களில் கம்பளி மேலங்கி மட்டும் போதாது. உள்ளாடை, ஸ்வெட்டர், மேலங்கி என அடுக்கடுக்காக அணிவதோடு, காற்றும் பனியும் புகாத உடுப்பும் குல்லாவும் கையுறையும் அங்கே வேண்டும்.

துணியும் அளவும்

நெருக்கமாக நெய்து, பரப்பை மென்மயிர் போல் எழுப்பிய கனத்த கம்பளித் துணியே ஏற்றது. ஐம்பத்தாறு அங்குல அகலமுள்ள துணியில், வளர்ந்த பெண்ணுக்கு முழங்கால் வரையுள்ள மேலங்கிக்கு ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று மீட்டர் தேவைப்படும்.

பிள்ளை அங்கே மேலங்கிக்குள் அணியப்போகும் ஸ்வெட்டரை அணிந்திருக்கும்போதே அளவெடுக்க வேண்டும். மார்பளவோடு நான்கு முதல் ஆறு அங்குலம் தளர்ச்சி சேர்க்கலாம். கையின் நீளத்தை முழங்கையை மடக்கி அளந்தால்தான், பேருந்தில் கம்பியைப் பிடிக்கும்போது மணிக்கட்டு வெளியே தெரியாது. பிள்ளை ஏற்கனவே ஊரைவிட்டுச் சென்றிருந்தால், அவளுக்குப் பொருந்தும் பழைய சட்டை ஒன்று வீட்டில் இருக்கும். அதைத் தரையில் விரித்து அளவெடுக்கலாம்.

விலையுயர்ந்த கம்பளியில் நேரே கத்தரியை வைப்பது அறிவுடைமை ஆகாது. முதலில் மலிவான காடாத் துணியில் வெட்டி, நூலோட்டம் போட்டு, அணிந்து பார்த்துத் திருத்த வேண்டும். பின்னர் அந்தக் காடாத் துணியே வெட்டுப் படிவமாகப் பயன்படும்.

கம்பளி ஈரமும் வெப்பமும் பட்டால் சுருங்கும். ஆகவே, வெட்டுமுன் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி ஓரிரவு வைத்து, மறுநாள் நிழலில் விரித்து உலர்த்த வேண்டும். மயிர் படியும் திசை எல்லாத் துண்டுகளிலும் கீழ்நோக்கியே அமையட்டும். மாறினால் ஒரே துணி இரு நிறமாகத் தோன்றும்.

வெளியே தெரியாத தையல்

நல்ல மேலங்கி தோளில் அழகாக நிற்பதற்குக் காரணம் மேல் துணி அன்று. அதனுள் மறைந்திருக்கும் கேன்வாஸ் துணியே. முன்பக்கத்திலும் காலரிலும் கேன்வாஸை வைத்து, சாய்வான சிறு கைத்தையல்களால் வரிசை வரிசையாக இணைக்க வேண்டும். ஊசி மேல் துணியின் ஓரிரு இழைகளை மட்டுமே தொட்டு மீள வேண்டும். மறுபுறம் தையல் தெரியலாகாது. காலரை விரலின்மேல் வளைத்துப் பிடித்தபடியே தைத்தால், அந்த வளைவு என்றும் மாறாது. ஒரு காலருக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் செல்லும். பார்ப்பவர் எவரும் அறியப்போவதில்லை என்று இதை விட்டுவிட்டால், சில மாதங்களில் காலர் தளர்ந்து தொங்கிவிடும்.

இயந்திரத்தில் பதினாறாம் எண் ஊசியிட்டு, தையலைச் சற்று நீளமாக வைத்துக்கொள்வது நன்று. ஒவ்வொரு தையலையும் முடித்தவுடன் ஈரத் துணியை மேலே போட்டு இஸ்திரி போட வேண்டும். பெட்டியை இழுக்காமல் எடுத்தெடுத்து வைத்து அழுத்துக. ஆவி அடங்குமுன் ஒரு வழவழப்பான மரக்கட்டையால் அழுத்திப் பிடித்தால், தையல் தட்டையாகப் படியும்.

கையை இணைப்பதே பலரையும் அச்சுறுத்தும் வேலை. கையின் மேல்வளைவு, அது பொருந்தும் துளையைவிட ஓர் அங்குலம் அல்லது சற்றுக் கூடுதலாக இருக்கும். அதில் இரு வரிசை நூலோட்டம் இட்டு மெல்லச் சுருக்கி, ஆவி காட்டினால், கம்பளி தானே உள்வாங்கிக்கொள்ளும்.

லைனிங் துணி வழுக்கும் தன்மையுடையதாக இருந்தால், ஸ்வெட்டரின்மேல் மேலங்கி தடையின்றி ஏறும். முதுகின் நடுவே லைனிங்கில் ஓர் அங்குல மடிப்பு விட வேண்டும். இல்லையெனில் கைகளை முன்னே நீட்டும்போது அது கிழிந்துவிடும். பட்டனுக்கும் துணிக்கும் இடையே நூலைச் சுற்றிச் சிறு கால் அமைத்து, உட்புறம் ஒரு சிறு பட்டனையும் சேர்த்துத் தைத்தால் கனத்த துணி கிழியாது.

நம் ஊர் வெயிலில்

அச்சரப்பாக்கத்தின் வெப்பத்தில் மடிமேல் கம்பளியைப் பரப்பித் தைப்பது எளிதன்று. கைத்தையலுக்கு விடியற்காலையே உகந்தது. அணிந்து பார்ப்பதும் அந்நேரத்திலேயே நடக்கட்டும். வியர்வை படாதிருக்க மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளலாம். கம்பளியைப் பூச்சி அரிக்கும். ஆதலால் வேலை முடியும்வரை துணியைத் தூய வேட்டியில் சுற்றி, உலர்ந்த இடத்தில் வைத்து, அடிக்கடி உதறிப் பார்க்க வேண்டும்.

மாலை நேரங்களில் மட்டும் தைத்தால் ஒரு மாதம் ஆகலாம். அந்த ஒரு மாதம், வீட்டைவிட்டுச் செல்லப்போகும் மகளோடு தாய் அமர்ந்திருக்கும் மாதமாகும். காலரைத் தாய் தைக்க, பட்டனை மகள் தைக்கட்டும். அந்நிய ஊரில் பட்டன் அறுந்தால், அவளே அதைத் தைத்துக்கொள்ள வேண்டுமல்லவா?

ஒருவருக்குப்பின் ஒருவர்

ஏழையின் மேலாடையை அடகாகப் பெற்றவன், கதிரவன் மறையுமுன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது இஸ்ரயேலருக்கு ஆண்டவர் தந்த சட்டம். இரவுக் குளிரில் ஏழைக்கு வேறு போர்வை இல்லை என்பதே அதன் காரணம். யோப்பாவில் வாழ்ந்த தபித்தா இறந்தபோது, அவர் செய்து கொடுத்த ஆடைகளைக் கைம்பெண்கள் பேதுருவிடம் காட்டி அழுதனர் எனத் திருத்தூதர் பணிகள் கூறுகின்றது. நவம்பர் 11 அன்று நாம் விழாக் கொண்டாடும் புனித மார்ட்டின், ஆமியான் நகர வாயிலில் குளிரில் நடுங்கிய ஏழைக்குத் தம் மேலாடையை வாளால் இரண்டாக்கிக் கொடுத்தார்.

நாம் மேலங்கியை வெட்டிப் பகிர வேண்டியதில்லை. நன்றாகத் தைத்த கம்பளி மேலங்கி பல்லாண்டுகள் உழைக்கும். உங்கள் மகள் ஊர் திரும்பியபின் அது பெட்டியில் பூச்சிக்கு இரையாக வேண்டாம். அடுத்துப் புறப்படும் பிள்ளை உங்கள் பங்கிலேயே இருக்கக்கூடும். அதுவும் தையல் இயந்திரமோ தாயோ இல்லாத வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். தைக்கும்போதே ஓரங்களில் தாராளமாகத் துணி விட்டு வையுங்கள். பிரித்து அளவை மாற்றி இன்னொருவருக்குக் கொடுக்க அது உதவும்.