மூன்று விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம்

1971-இல் வங்கதேச விடுதலைப் போருக்கு அஞ்சிக் கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லை தாண்டிய மக்கள், மேற்கு வங்காளத்தின் பொங்காவ் பகுதியில் வந்து குவிந்தார்கள். முகாம்களில் காலரா பரவியது. மருத்துவமனையில் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்ற வேண்டிய சலைன் தீர்ந்துகொண்டே வந்தது. அங்கே பொறுப்பில் இருந்த மருத்துவர் திலீப் மஹலனாபிஸ், குளுக்கோஸும் உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பினார். நோயாளியோடு வந்தவர்களிடமே குவளையைக் கொடுத்து, குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், இந்தத் தண்ணீரைக் குடித்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு.

இதற்கான அறிவியல் அதற்கு முன்பே தெரியும். குளுக்கோஸ் துணைக்கு இருந்தால் சிறுகுடல் உப்பை உறிஞ்சும், உப்பின் பின்னாலேயே தண்ணீரும் உடம்புக்குள் போகும். 1968-இல் டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில் நோயாளிகளிடமே இதைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று 1978-இல் ‘லான்செட்’ இதழ் எழுதியது. ஆனால் வங்கதேசத்தின் கிராமங்களில் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறப்பது அதனால் நின்றுவிடவில்லை.

கண்டுபிடிப்பு இருக்கிறது, தேவைப்படுகிறவரிடம் அது போய்ச் சேரவில்லை. சமூகப் புத்தாக்கம் என்று நாம் இந்தத் தொடரில் பேசிவருவது இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. ஒரு சமூகப் பிரச்சினைக்கு இப்போதிருப்பதைவிடச் சிறந்த, நியாயமான புதிய தீர்வு. அதன் பலன் தனியாருக்கு அல்லாமல் பெரும்பாலும் சமூகத்துக்கே சேர வேண்டும்: 2008-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் தந்த வரையறையின் சாரம் இது. நல்ல வரையறைதான். ஆனால் அந்தத் தீர்வு கடைசியில் யார் கையில் தங்குகிறது என்ற கேள்வியையும் அதோடு சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஃபசலே ஹசன் ஆபெத் 1972-இல் தொடங்கிய ‘பிராக்’ அமைப்பு, 1979-இல் வங்கதேசத்தின் சுல்லா பகுதியில் ஒரு முயற்சியில் இறங்கியது. எழுத்தறியாத தாய், அளவுக் கரண்டி இல்லாத வீடு, கிடைப்பது உப்பும் வெல்லமும் மட்டுமே. மூன்று விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று கையையே அளவாக்கினார்கள். வீடு வீடாகப் பெண் பணியாளர்கள் போய்க் கற்றுத்தந்தார்கள். உப்பு கூடினால் குழந்தைக்கே ஆபத்து என்ற மருத்துவர்களின் அச்சம் நியாயமானது. அதனால் தாய்மார்கள் கலக்கிய கரைசலை எடுத்துப்போய் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள்.

இந்தத் திட்டத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது அவர்கள் சம்பளம் கொடுத்த முறை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் வந்து, கற்றுத்தந்த வீடுகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து விசாரிப்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்குகிறாரா என்பதைப் பொறுத்தே பணியாளருக்குக் கூலி. எத்தனை பேருக்குச் சொன்னோம் என்று கணக்கெழுதி முடித்துக்கொள்ளும் திட்டங்கள் ஏராளம். இங்கே தாய்க்குத் தெரியவில்லை என்றால், கற்றுத்தந்தவருக்குக் கூலி குறைந்தது. உடனே கற்பிக்கும் விதம் மாறியது; தாயையே கலக்க வைத்தார்கள்.

அப்படியும் ஒரு சிக்கல். தாய்மார்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, ஆனால் வீட்டில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது பலர் கரைசலைக் கொடுக்கவில்லை. விசாரித்ததில், கற்றுத்தந்தவர்களுக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. தங்களுக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைத் தேடினார்கள். அவர்களை டாக்கா காலரா மருத்துவமனைக்கு அழைத்துப்போய், துவண்டுகிடந்தவர்கள் எழுந்து உட்காருவதை நேரில் பார்க்கச் செய்தார்கள். வீட்டு ஆண்களுக்கோ, தங்களை விட்டுவிட்டுப் பெண்களிடம் மட்டும் பேசியதில் மனத்தாங்கல். சந்தைகளிலும் மசூதிகளிலும் அவர்களுக்குத் தனியே கூட்டம் நடந்தது. 1990-க்குள் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இந்தக் கல்வி போய்ச்சேர்ந்தது.

எதிர்காலத் தலைமுறை தன் தேவைகளை நிறைவுசெய்துகொள்ளும் திறனைப் பறிக்காமல் இன்றைய தேவையை நிறைவுசெய்வதே நீடித்த வளர்ச்சி என்று 1987-இல் புரூண்ட்லாண்ட் குழு சொன்னது. அந்த அளவுகோலிலும் இந்தத் திட்டம் தேறுகிறது: வீட்டு உப்பும் வெல்லமும் எந்தத் தொழிற்சாலையையும் நம்பியில்லை. பணியாளர்கள் போன பிறகும் அறிவு வீட்டிலேயே இருந்தது. பின்னாளில் இதே கரைசலுக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் மலிவாகக் கடைகளுக்கு வந்தபோது, அவை எதற்கு என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கரைசல் குழந்தையைக் காப்பாற்றுமே தவிர, குடிக்கும் தண்ணீரைச் சுத்தம் செய்யாது. அதற்கும் அதே நாட்டில் ஒரு வழி நடந்தது. குளத்து நீரைக் கைவிட வைப்பதற்காக, 1970-களிலிருந்து யுனிசெஃப் போன்ற அமைப்புகளின் உதவியோடு ஊர் ஊராக அடிபம்புகள் இறங்கின. கிருமி இல்லாத தண்ணீர், கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் வங்கதேசத்தின் வண்டல் மண்ணில் அதிக ஆழமில்லாத நீரில் ஆர்சனிக் கரைந்திருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. 1990-களில்தான் தோலில் புள்ளிகளும் கைகால்களில் தடிப்புகளுமாக அது பெரிய அளவில் வெளியே வந்தது. இரண்டு திட்டங்களும் நல்லெண்ணத்தில் பிறந்தவை, இரண்டும் குழந்தைகளைக் காக்க வந்தவை. ஒன்று தன் பிழையைத் தானே தேடிப்போய்க் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டை உள்ளேயே வைத்திருந்தது. மற்றதில் பம்பு இறங்கியதோடு வேலை முடிந்ததாகக் கருதினார்கள்.

பிறகு சுமார் 50 லட்சம் பம்புகளைச் சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். பம்புகளில் பெரும்பாலானவை தனியார் வீட்டு முற்றங்களில் இருந்தன. அண்டை வீட்டுப் பெண்கள் நாள் தவறாமல் குடத்தோடு தன் முற்றத்துக்குள் வந்துபோக, பச்சைப் பம்பின் உரிமையாளர் எதற்காகச் சம்மதிக்க வேண்டும்? அடுத்த வாரம் அதைப் பார்ப்போம்.